மழை பேசும் குரல்

மழை ஒருநாள் நம்மை விட்டுப் போய்விடும் என்று தொண்டை கிழியக் கத்தாத குறையாக ஒருவர் எப்போதோ எழுதிய நாவல் அது. அதை ஒலிநூலாக வாசித்துக் கொடுத்தவள் மார்கிரெட். முதல் அத்தியாயத்தில் மட்டும்தான் மழை பெய்யும். மிச்சமெல்லாம் அது போன கதை.

நூல் வெளியான கொஞ்ச நாளில் ஒலிநூல் நிறுவன மேலாளர் ஜெயசிங் கூப்பிட்டார்.

"மேடம், எல்லாரும் முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பக் கேக்காங்க. பிள்ளைகளத் தூங்க வைக்கவாம். மத்ததை வெட்டிருங்க."

"அவர் எழுதினதே மத்ததைச் சொல்லத்தான சார்?"

"அதைக் கேட்டா யாருக்குத் தூக்கம் வரும்?"

மார்கிரெட் வெட்டினாள். கை பாட்டுக்கு வெட்டியது, மனசில் ஒன்றும் ஓடவில்லை. அவளுடைய நாலு வயது மகள் அனிஷாவும் அந்த அத்தியாயத்தைப் போட்டால்தான் தூங்குவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தூத்துக்குடியில் நிஜமாகவே மழை வந்தது. நாவல் சொன்னபடியே மழை அற்றுப்போன ஊரில், அனிஷா பிறந்த பிறகு இதுதான் முதல் மழை. தகரக் கூரையில் தடதடவென்று விழுந்த சத்தத்தில் பிள்ளை அலறிக்கொண்டு எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"மழைதான்டி, பயப்படாத."

"இது மழை இல்லம்மா. மழை உன் குரல்லல்லா பேசும்!"

மார்கிரெட் எழுந்து சன்னலை அடைத்தாள். இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். பிறகு ஒலிநூலைப் போட்டாள். அவள் குரலில் மழை பெய்யத் தொடங்கியது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே சத்தம் ஓயவில்லை. மார்கிரெட் தன் குரலை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.