குடிக்காத காப்பி

ஷேக் ராகிப் காப்பியைத் தொடவில்லை. கைப்பிடியில்லாத அந்தச் சின்னக் கோப்பையை வாங்கித் தன் முன்னால் கம்பளத்தில் வைத்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் காப்பியைக் கீழே வைத்தால் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று பொருள். "குடியுங்கள், கேட்டது கிடைத்தது" என்று வீட்டுக்காரர் சொன்னால்தான் குடிப்பார். சொன்ன பிறகு பேச்சு மாறக்கூடாது. மாறினவன் இந்த யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

வீட்டுக்காரர் ஷேக் கலஃபுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. படகுத் துறை யாருக்கு என்ற சண்டையில் போன வருஷம் அவருடைய தம்பியைச் சுட்டுக் கொன்றவர்கள் ராகிபின் ஆட்கள். அந்த அக்கரை ராகிப் இன்று தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

காரணமும் கலஃபுக்குத் தெரிந்துதான் இருந்தது. கலஃபுக்குத் துணை நின்ற படையும், ராகிப் நம்பியிருந்த அரசாங்கமும் நேற்றுத் தலைநகரத்தில் கைகுலுக்கிக்கொண்டன, டிவியில் காட்டினார்கள். இங்கே யாருக்கு யார் கூட்டு என்பது மாவு விலை மாதிரி, காலையில் எழுந்ததும் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரித்து விசாரித்து எங்களுக்கே அலுத்துவிட்டது.

அரசாங்கமே இறங்கி வந்துவிட்டது, இனி ராகிபுக்கு நாதியில்லை, பழிக்குப் பழி வேண்டாம் என்று கெஞ்சத்தான் வந்திருக்கிறார் என்று கலஃப் முடிவு கட்டிவிட்டார்.

மகன் நாயிஃப் காதருகே குனிந்தான். "வாப்பா, வெளியே பாத்தீங்களா? மூணு லாரி வந்திருக்கு. டிரைவரைத் தவிர ஈ காக்கா இல்ல. சமாதானம் பேச வர்றவருக்கு, கூட வர நாலு பெரிய மனுஷங்ககூடக் கிடைக்கல போல!"

கலஃப் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "நம்ம படைத் தளபதிக்குச் சொல்லிட்டியா, இவர் வந்திருக்கார்னு?"

"காலையிலேருந்து போன் அடிக்கிறேன், எடுக்கல. ஒப்பந்தம் முடிஞ்ச விருந்துல இருப்பாரு."

கலஃப் ராகிப் பக்கம் திரும்பினார். "காப்பி ஆறுது, ஷேக்."

"ஆறட்டும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, குடிக்கிறேன். எனக்கு நேரமில்ல."

"என் தம்பியை மண்ணுல வச்ச அன்னைக்கு இந்த அவசரம் எங்க போச்சு?"

ராகிப் வாசல் பக்கம் திரும்பினார். முற்றத்தில் பிள்ளைகள் ஒரு பழைய டயரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்வை அங்கேயே நின்றது.

"அதுல உங்க தம்பி பிள்ளைங்க யாரு?"

"அந்தச் சிவப்புச் சட்டையும், அது கையைப் பிடிச்சிருக்கிற பொண்ணும். எதுக்குக் கேக்குறீங்க?"

"அதுங்க பாவம் என் தலையிலதான் இருக்கு. அதை மறந்து நான் ஒரு நாள்கூடத் தூங்கல."

கலஃப் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பியின் ரத்தத்துக்குப் பதில் கிடைத்துவிடும். அப்புறம் அந்தப் பதிலுக்கு ஒரு பதில் வரும். அதில் விழுவது நாயிஃபாக இருக்கலாம்.

"குடுக்காதீங்க வாப்பா," என்றான் நாயிஃப். "சித்தப்பா ரத்தம் இன்னும் காயல."

"நீ சும்மா இருடா. குழி தோண்டித் தோண்டிக் கை ஓஞ்சு போச்சு எனக்கு." கலஃப் பெருமூச்சு விட்டார். "குடிங்க ஷேக். நீங்க எது கேட்டு வந்திருந்தாலும் குடுத்தாச்சு."

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும். என் முகத்துமேல சத்தியம்."

ராகிப் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்று கோப்பையை ஆட்டி நாயிஃபிடம் நீட்டினார்.

"அபூ நாயிஃப்," என்று மகன் பேரைச் சொல்லிக் கலஃபை மரியாதையாக அழைத்தார். "உங்க தளபதி இனிமே போன் எடுக்க மாட்டார். நேத்தே எல்லை தாண்டிட்டார். அவங்க உசிரைக் காப்பாத்திக்க, இந்த ஊரை அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. பொழுது சாயும்போது படை வருது. முதல் வீடு இதுதான்."

நாயிஃபின் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது. கலஃப் சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியை எட்டி எடுத்தார்.

"வரட்டும். நான் ஓடுற ஆள் இல்ல. உங்க தயவுல உசிர் பிழைக்கிற ஆளும் இல்ல."

"தெரியும். அதனாலதான் சேதியைச் சொல்றதுக்கு முன்னாடி காப்பியைக் கீழே வச்சேன். நமக்குள்ள இருக்கிற பகையை நாமதான் தீர்க்கணும், ஊரான் வந்து தீர்க்கக்கூடாது. என் வீட்டுல சோறு தின்னவங்களைத் தொட எந்தப் படைக்கும் இன்னும் துணிச்சல் வரல."

கலஃப் துப்பாக்கியை மெல்லத் தாழ்த்தினார். "அப்போ... நீங்க கேக்க வந்தது என்ன?"

ராகிப் வாசலில் நின்ற காலி லாரிகளைக் காட்டினார்.

"பிள்ளைங்களை ஏத்துங்க."