கடிக்காத முசுறுகள்

மெகாங் வாய்க்காலில் படகுச் சத்தம்கூட இல்லாத உச்சிவெயில். லியூ வழக்கம்போலக் கைகால்களில் அடுப்புச் சாம்பலை அப்பிக்கொண்டு ஆரஞ்சு மரத்தில் ஏறுகிறாள். சாம்பல் இல்லாமல் இந்தத் தோப்புக்குள் யாரும் கால் வைப்பதில்லை. பழங்களைப் பூச்சி அண்டவிடாத முசுறு எறும்புகள், மீன்குடல் போட்டு வளர்த்தவள் என்றும் பார்க்காமல் கடித்துத் தொங்கும். அவை நடமாட மரத்துக்கு மரம் அவள் கட்டிய கயிறுகள் இன்று வெறுமையாக நீள்கின்றன. நேற்று மாட்டிய மீன்குடல் அப்படியே காய்ந்திருக்கிறது. இலைகளைச் சேர்த்துப் பின்னிய கூட்டைத் தட்டுகிறாள். தூறல்போல் எழ வேண்டிய சலசலப்பு எழவில்லை.

"தூங்குதுங்க போல. இறங்கி வா," என்கிறான் கீழே நிற்கும் அவள் கணவன் கியெட்.

"பட்டப்பகல்ல தூங்கறதுக்கு அதுங்க என்ன உங்கள மாதிரியா?"

ஒரு கையின் சாம்பலைத் துடைத்துவிட்டு, வெறுங்கையைக் கூட்டுக்குள் விடுகிறாள். "கடிங்கடி," என்கிறாள் மெதுவாக. "ஒரு கடி கடிங்கடி." விரலிடுக்கில் உமிபோல் என்னவோ உதிர்கிறது. பூச்சிமருந்து வாடை மூக்கில் ஏறுகிறது. உதிர்வது எங்கே விழுகிறது என்று லியூ குனிந்து பார்க்கிறாள். கியெட்டின் பாதங்களின் மேல் விழுகிறது. வெறும் பாதங்கள். அவற்றில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை.