கழுத்துப் படம்

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை, திருநெல்வேலி. முடக்குவாதத்தால் முழங்கால்கள் தேய்ந்துபோன செண்பகவல்லிக்கு அன்று வலது மூட்டை மாற்றுவதாக இருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, காலையில் எடுத்த கழுத்து எக்ஸ்ரேயை வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தண்ணிகூட குடிக்கலையேம்மா?”

இல்லையென்று செண்பகவல்லி தலையாட்டினார்.

“ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க.”

“எங்கிட்டயும் இப்பிடித்தான், டாக்டரம்மா. எது கேட்டாலும் இல்லைன்னுதான் ஆட்டுவா” என்றார் கணவர் இசக்கியப்பன்.

டாக்டர் சிரிக்கவில்லை. வாதம் கழுத்தையும் அரித்திருக்கிறது, மேலே இருக்கும் இரண்டு எலும்புகளும் பிடிப்பு விட்டு நகர்கின்றன, தலை சற்று அதிகமாகக் குனிந்தால் தண்டுவடம் நசுங்கி மூச்சே நின்றுவிடலாம் என்றார்.

“எதுல வந்தீங்க?”

“பைக்லதான். ரோடு பூரா குண்டும் குழியுமா…” இசக்கியப்பன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

செண்பகவல்லி கூரையைப் பார்த்தபடியே பேசினார். “ஒரு பள்ளத்துல எறக்குனீங்கள்லா, அப்பவே கழுத்துல சுருக்குன்னுச்சு. கையி ரெண்டும் மரத்துப்போச்சு.”

“அப்பவே சொல்லக் கூடாதாளா?”

“காலு வலின்னு தெனமும் சொல்லுதேன். இதையும் எங்க சொல்லன்னு விட்டுட்டேன்.”

கழுத்தில் பட்டை மாட்டினார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு அவரை மாற்ற நான்கு பேர் வந்தார்கள், தலையைப் பிடிக்க மட்டும் ஒருவர். உதவிக்கு வந்த இசக்கியப்பனைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மூட்டு அறுவை சிகிச்சை அன்று நடக்கவில்லை.