மின்னலுக்கு நாற்பத்தொரு மார்க்

ராஜாவும் மந்திரியும் கதையை விட்டுப் போய் ரொம்ப நாளான ஒரு ஊரில், ஒரு வீடியோ கேம் கம்பெனி இருந்ததாம். நிஜக் கால்பந்து ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அந்த கேமுக்குள்ளேயும் உண்டு. யாருக்கு எவ்வளவு வேகம், யாருக்கு எவ்வளவு பலம் என்று நூற்றுக்கு மார்க் போட அங்கே ஒரு மேடம் இருந்தார்.

அந்த மார்க் மேடத்தின் மேஜை முன்னால், ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஓர் ஆட்டக்காரர் வந்து நின்றார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் மின்னல். கூடவே அவர் மனைவி.

"வேகம் நாற்பத்தொண்ணா?" போனை மேஜைமேல் டொக்கென்று வைத்தார் மின்னல். "எங்க கோல்கீப்பருக்கே ஐம்பத்திரண்டு போட்டிருக்கீங்க. அவன் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டான் மேடம்!"

"நல்லாக் கேளுங்க," என்றாள் மனைவி. "எங்க வீட்டு சீலிங் ஃபேனே நாற்பத்தொண்ணுக்கு மேல சுத்தும்."

"உட்காருங்க சார். தண்ணி குடிங்க."

"தண்ணி குடிக்கவா வந்தேன்? முன்னெல்லாம் கோச் மைதானத்தைப் பார்த்து ஆள் எடுப்பார். அப்புறம் டிவிக்காரங்க பேச்சைக் கேட்டாங்க. இப்போ எங்க கிளப் முதலாளி உங்க கேமைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் டீமே போடறார். வெள்ளிக்கிழமை என் ஒப்பந்தம் முடியுது. 'ஓரத்துல ஓடினது போதும், பின்னால நின்னு தடுத்து ஆடு, இல்லேன்னா கிளம்பு'ங்கறார். பதினாலு வருஷமா கோல் போட ஓடினவன் மேடம் நான்! கோல்கீப்பருக்குக் காவல் நிக்கணுமாம்!"

"அநியாயம்," என்றாள் மனைவி.

"வீட்ல எனக்காகப் பேசற ஒரே ஜீவன் இவதான். என் பொண்ணு கேம் ஆடினா என்னை டீம்லயே சேர்க்கறதில்லை."

மார்க் மேடம் பொறுமையாகச் சொன்னார். "நானா எதுவும் போடறதில்லை சார். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு ரசிகர் மேட்ச் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவாங்க. சம்பளம் கிடையாது. பேர்கூட எனக்குத் தெரியாது, நம்பர்தான் தெரியும். உங்க டீமுக்கு இருபத்தேழாம் நம்பர். நாலு வருஷத்துல ஒரு மேட்ச்கூட விட்டதில்லை."

"எவன் அவன்? வரச் சொல்லுங்க. நானும் அவனும் ஓடிப் பார்த்துடுவோம்!"

"அந்த ஆளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது போலிருக்கு," என்றாள் மனைவி.

"அவன் வராட்டிப் போகட்டும். நான் ஓடிக் காட்டறேன். இங்கேயே!"

லிஃப்ட் வாசலிலிருந்து கேன்டீன் கதவு வரை வராந்தா சரியாக நாற்பது மீட்டர். வேலையை விட்டுவிட்டு மொத்த ஆபீஸும் சுவரோரம் வரிசை கட்டியது. மனைவி கைப்பையைத் துழாவி ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்தாள்.

"முட்டை வேகவைக்க வாங்கினது," என்றாள்.

மின்னல் ஓடினார். கைதட்டல், விசில். கேன்டீன் கதவில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சு வாங்கினார்.

"ஆறு புள்ளி ரெண்டு மூணு," என்றாள் மனைவி, வாட்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்க் மேடம் கணக்குப் போட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

"முப்பத்தெட்டு சார்."

மின்னல்தான் முதலில் சிரித்தார்.

"அப்போ அந்த ஆள் பாவம் பார்த்து எனக்கு மூணு மார்க் கூடப் போட்டிருக்கானா!"

அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே மூவரும் மேஜைக்குத் திரும்பினார்கள்.

"வேகத்தைப் பார்த்ததும் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பி வந்துட்டீங்க. கீழே தள்ளிப் பார்த்தீங்களா?" மேடம் அவர் போனை வாங்கி விரலால் தள்ளினார். "ஆட்டத்தைக் கணிக்கிறதுக்குத் தொண்ணூத்தி நாலு. உங்க முதலாளி இதைப் பார்த்துட்டுத்தான் பின்னால வரச் சொல்லியிருப்பார். இந்த லீக்லயே வேற யாருக்கும் இவ்வளவு இல்லை. குறிப்பைப் படிக்கறேன், கேளுங்க. 'பந்து எங்கே வரும்னு பந்துக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவருக்குத் தெரியும். வலது முட்டி வலியை மறைச்சுக்கிட்டு ஓடறார். பின்னால நிறுத்தினா இன்னும் நாலு வருஷம் ஆடுவார்.'"

மின்னல் போனை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார்.

"முட்டி விஷயத்தை நான் கோச்கிட்டகூடச் சொல்லலை. கேலரியில உட்கார்ந்துக்கிட்டே கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க! ஆட்டம் தெரிஞ்ச ஆள்தான்." மனைவி பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

"எனக்கு என்னங்க தெரியும் ஆட்டத்தைப் பத்தி?"

மின்னல் அங்கேயே நின்று கிளப் முதலாளிக்குப் போன் போட்டார். "வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடறேன். பின்னாலயே நிக்கறேன். ஆனா கார்னர் கிடைச்சா முன்னால வருவேன், சொல்லிட்டேன்!"

பாதி ஆபீஸ் அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டே லிஃப்ட் வரைக்கும் போனது. படியில் இறங்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "முட்டி வலியை இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது, லிஃப்ட்லயே போறேன்," என்றார்.

மேஜைமேல் மறந்துவைத்த ஸ்டாப் வாட்சை எடுக்க மனைவி மட்டும் திரும்பி வந்தாள். அதைத் துடைத்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"நான் சொன்னா காதுலயே விழாது மேடம். கேம் சொன்னா கம்பெனி வரைக்கும் வந்துடறார்."

மார்க் மேடம் ஸ்டாப் வாட்ச் போன கைப்பையைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அந்த மூணு மார்க்கை மட்டும் குறைச்சிடாதீங்க," என்றாள் இருபத்தேழாம் நம்பர். "ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட்டை வழக்கம்போல அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி வேகமாக நடந்தாள்.