கருகிய கியர் ஆயில்

மெத்தைக் கடைக்காரர் பிக்கப்பை ஓரமாக நிறுத்தினார். சாவியை அதிலேயே தொங்கவிட்டுவிட்டு, கொட்டாவி விட்டபடி சலூனுக்குள் நுழைந்தார். எதிர்க்கடை நிழலில் நின்ற வண்டித் திருடன் ‘ஸ்பேனரு’க்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. இப்படிப்பட்ட புண்ணியவான்கள் இருக்கிறவரை திருட்டுத் தொழிலுக்கு அழிவே கிடையாது.

அடுத்த நிமிடம் வண்டி பறந்தது. பறந்தது என்பது கொஞ்சம் அதிகம்தான். ஸ்பேனர் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஊரைக் கூட்டியது, சக்கரம் யோசித்து யோசித்து அப்புறமாக நகர்ந்தது. ஆட்டோமேட்டிக் கியர் ஒவ்வொன்றும் மாறும்போது பிடரியில் யாரோ தட்டியதுபோல ஓர் உதறல்.

"போச்சுடா" என்றான் ஸ்பேனர்.

அவன் பயந்தது போலீசுக்கு அல்ல, திருட்டு வண்டிகளை விற்றுத் தரும் தரகருக்கு. நேற்றுத்தான் அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "நல்லா ஓடுற வண்டியா ஒண்ணே ஒண்ணு கொண்டா. என் ஷெட்டையே உனக்கு ஒர்க்‌ஷாப்பா எழுதித் தரேன். அதோட திருட்டை விட்டுடு. உனக்கு அது வரல."

வரவில்லைதான். போன வருஷம் இதே சலூன் வாசலில் ஒரு வேனைத் தூக்கினான். பிரேக் சரியில்லை என்று சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்ததில் போலீஸ் வந்து, சுவரேறிக் குதித்து ஓட வேண்டியதாயிற்று. அப்புறம் அங்கேயே ஒரு ஜீப். வீல் பேரிங் மாற்றி முடித்த கையோடு அதே ஓட்டம். வண்டி முன்னைவிட நன்றாக ஓடுவதாகச் சொந்தக்காரர் பல்லெல்லாம் தெரியப் பேப்பரில் பேட்டி கொடுத்திருந்தார். கோளாறுள்ள வண்டியை அடுத்தவன் தலையில் கட்ட ஸ்பேனருக்கு மனசு வராது. என்ன செய்வது, பிறவிக் குணம்.

தரகரின் ஷெட்டுக்குள் வண்டியை விட்டு, பானெட்டைத் திறந்து, கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய ஆயில் தார் மாதிரி கறுத்திருந்தது. முகர்ந்தால் தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது.

"பாவி மனுஷா" என்று, அங்கே இல்லாத மெத்தைக் கடைக்காரரைத் திட்டினான். "அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்யா. பாரம் ஏத்துற வண்டின்னா அதுல பாதியிலயே மாத்தணும். நீ வாங்கின நாள்லேருந்து திறந்தே பாக்கலியே. மெத்தை விக்கிறவனுக்குத் தூங்க மட்டும்தான் தெரியுமா?"

கையிலிருந்த கடைசிக் காசை உதிரிபாகக் கடையில் கொட்டி, ஆயிலும் பில்டரும் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டும் வாங்கி வந்தான். ஆயில் சூடாக இருந்தால்தான் அழுக்கோடு இறங்கும் என்பதால் இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்தான். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அடியில் புகுந்தான்.

போன் அடித்தது. தரகர்தான்.

"எங்கடா இருக்க?"

"வண்டிக்கு அடியில."

மறுமுனையில் தரகர் தலையில் அடித்துக்கொள்வது தெளிவாகக் கேட்டது. "சாயங்காலம் ஆள் வராங்கடா. கழுவித் துடைச்சு நிறுத்து, போதும்."

"கியர் வழுக்குதுண்ணே. வாங்குறவர் மேட்டுல ஏத்தினா பின்னாலதான் வருவாரு. பாவம், அவருக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

தரகர் படாரென்று போனை வைத்துவிட்டார்.

கியர்ப்பெட்டியின் அடித்தட்டு போல்ட்டுகளை ஒரு பக்கமாகத் தளர்த்தியதும் கறுப்பு ஆயில் பாதி வாளியிலும் பாதி அவன் மார்பிலுமாக இறங்கியது. தட்டுக்குள் இருந்த காந்தத்துக்கு இரும்புத்தூளில் மீசை முளைத்திருந்தது. அதைச் சுத்தமாக வழித்தான். பில்டரை மாற்றினான். புது கேஸ்கட் வைத்துத் தட்டை ஒரே சீராக முறுக்கினான். மேலே புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டு எடுத்தான். பிறகு கியரை ‘பார்க்’ நிலையில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே கம்பியை உருவி அளவு பார்த்தான். கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினான். கோட்டில் கச்சிதமாக வந்து நின்றது.

ஷெட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தான். கியர் மாறுவதே தெரியவில்லை. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப் கிடைத்த மாதிரிதான். கையோடு கண்ணாடிகளையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தபடி பின்பக்கக் குழாயடியில் கை கழுவப் போனான்.

முன்கதவு கிறீச்சிட்டது.

ஸ்பேனர் எட்டிப் பார்த்தான். மெத்தைக் கடைக்காரர். வெட்டிய முடியோடு, கழுத்தில் பவுடரோடு நின்றிருந்தார். நேராக வந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பழைய செல்போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி போன வழியெல்லாம் அது காட்டிக்கொடுத்திருக்கிறது என்பது ஸ்பேனருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒர்க்‌ஷாப் போயிற்று. இனி கம்பி எண்ண வேண்டியதுதான். ஓடினால் சத்தம் கேட்டுவிடும் என்று குழாயடியிலேயே பதுங்கினான்.

மெத்தைக் கடைக்காரர் பானெட்டைத் திறந்தார். கம்பியை உருவிப் பார்த்தார், முகர்ந்தார். மூடிவிட்டு இன்னொரு போனை எடுத்து யாரையோ அழைத்தார். போலீஸ்தான் என்று ஸ்பேனர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"மச்சான், பேப்பர்ல வந்த அதே ஆளுதான், வேலை பிரமாதம்" என்றார் மெத்தைக் கடைக்காரர். "உன் வேன்ல கிளட்ச் போயிடுச்சுன்னியே, நாளைக்குக் காலைல சலூன் வாசல்ல சாவியோட விட்டுட்டு, நீயும் உள்ள போய் முடி வெட்டிக்கோ."