பளுவுக்கு அருகில்

கீழ்ப்படியில் நின்று அவன் நாற்காலியின் முன்கால்களைப் பற்றினான். மேலே, முதுகுப் பக்கத்தை அண்ணன் பிடித்துக்கொண்டான்.

நடுவில் அப்பா.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் இப்படித்தான் இறக்க வேண்டும். மற்ற நாட்களில் மேல்பக்கம் பிடிக்க எதிர்வீட்டு சுடலைமணி வருவார். இப்போது அண்ணன் மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறான்.

நாலு படி இறங்குவதற்குள் அவன் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

அப்பா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கனமெல்லாம் அவன் கையில்.

பின்னால் சாய்ந்துகொள்ளச் சொன்னான்.

சாய்ந்தார். மேலே அண்ணன் லேசாக முனகினான்.

அவ்வளவுதான். அப்பா மறுபடி முன்னால் வந்துவிட்டார்.

அவன் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். ஒரு கட்டையை இரண்டு பேர் தூக்குகிறார்கள். பளு யார் பக்கம் நகர்கிறதோ அவருக்குக் கனம் கூடும். நேற்றுகூடப் போர்டில் படம் போட்டு விளக்கினான்.

அப்பாவுக்கு அதை யாரும் நடத்த வேண்டியிருக்கவில்லை.

பயத்தில் குனிகிறார், பாவம் என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். இடம் மாறிக்கொள்ளலாம் என்றான். அண்ணன் தலையாட்டினான்.

இப்போது அவன் மேலே. அண்ணன் கீழே.

முதல் படியிலேயே அப்பா பின்னால் சாய்ந்தார். நன்றாக, முழுசாக. தலை அவன் நெஞ்சில் வந்து விழுந்தது.

அப்பாவைத் தினமும் குளிப்பாட்டுகிறவன் அவன்தான். தூக்குகிறவனும் அவன்தான். அவராக அவன்மீது சாய்ந்தது இதுதான் முதல் தடவை.

வெட்கங்கெட்ட மனசு. ஒரு கணம் குளிர்ந்து போனது.

கனம் தெரியாமல் இரண்டு படி இறங்கினான்.

அப்பா கீழே பார்த்துக் கேட்டார்.

"ஐயா, உனக்குக் கை வலிக்கா?"

அண்ணன் நிமிர்ந்து சிரித்தான்.

"இல்லப்பா. வெயிட்டே தெரியல."

அப்பாவின் முகம் தெளிந்தது.

அவன் நெஞ்சில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்துகொண்டார்.