சொந்த வார்டு

“சொந்த வார்டே காலை வாரிடுச்சு அண்ணி! நன்றி கெட்ட ஜனங்க!”

கட்சிக்காரர் மைக் போட்ட கத்தலில் அடுப்படியில் நின்ற கவுன்சிலரின் மனைவி வெளியே வந்தாள். மைக் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. கட்சிக் கூட்டத்தில் கரண்ட் போனாலும் அவர் பேச்சு மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

அந்த ஊரில் ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, இன்னொன்று மேயருக்கு. ஒருவரே இரண்டுக்கும் நிற்கலாம். மேயராகிவிட்டால் வார்டை விட்டுவிட வேண்டும். நம் கவுன்சிலர் மூன்றாவது தடவையாக இரண்டுக்கும் நின்று, மூன்றாவது தடவையாக வார்டில் ஜெயித்து, மேயருக்குத் தோற்றிருந்தார்.

“அதே பூத், அதே ஜனங்க. கவுன்சிலர் ஓட்டை அண்ணனுக்கு அள்ளிப் போட்டுட்டு, மேயர் ஓட்டை மட்டும் கண்ணாடிக்காரருக்குப் போட்டிருக்காங்க. நம்ம வார்டு கைகொடுத்திருந்தா இந்நேரம் அண்ணன் மேயர்!”

கண்ணாடிக்காரர் மூன்று தடவையும் ஜெயித்தவர். ஓட்டுக் கேட்கும்போதுகூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனுஷன்.

“போனது போகட்டும், விடுங்க தம்பி,” என்றாள்.

“எப்படி அண்ணி விடுறது? வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கி நோட்டீஸ் குடுத்தீங்களே, அதுக்காவது ஒரு மரியாதை வேணாமா? அண்ணே, அடுத்த தடவையும் நீங்கதான் நிக்கிறீங்க. தலைமை இப்பவே பேரு கேக்குது. சாயங்காலம் போன் பண்றேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

கவுன்சிலர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். பிரச்சாரத்தில் வீங்கிய கால் இன்னும் வற்றவில்லை. செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அது அவர் வழக்கம். சோற்றில் கை இருந்தாலும் இடது கையால் எடுப்பார்.

“தையல்காரம்மா. கடை வாசல்ல சாக்கடை பொங்குதாம்,” என்று எழுந்தார்.

“கண்ணாடிக்காரரைக் கூப்பிடச் சொல்லுங்க!” என்றார் மைக்.

“அவருக்கு அங்க சாக்கடை இருக்கிறதே தெரியாதுப்பா.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மைக்கும் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார்.

அவள் வாசலுக்கு வந்து அவர் போன திசையையே பார்த்தாள். போயும் போயும் தையல்காரம்மாவிடமா போக வேண்டும்?

இரண்டாவது தேர்தலின்போது நடந்தது அது. கையில் கணவரின் நோட்டீஸை வைத்துக்கொண்டே, அந்தத் தையல் கடையில் மெதுவாகச் சொல்லியிருந்தாள். “கவுன்சிலருக்கு இவருக்கே போடுங்க. மேயருக்கு மட்டும் வேணாம். அந்தப் பெரிய கட்டடத்துக்குள்ள போயிட்டார்னா, அப்புறம் உங்க சாக்கடைக்கு யாரு வருவா?”

தையல்காரம்மா காதில் போட்டால் தனியாகத் தண்டோரா வேண்டாம். இந்தத் தேர்தலுக்குள் வார்டு முழுக்க அது பரவிவிட்டது. தெரியாதவர்கள் கவுன்சிலரும் மைக்கும் மட்டும்தான்.

சாக்கடை எல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம். ஒரு வார்டுக்கே இந்தப் பாடு என்றால் அவரை ஊருக்கே எழுதிக்கொடுத்துவிட்டு அவள் என்ன செய்வாள்? முதல் தேர்தல் முடிந்த பிறகு ஒருநாள் பிசைந்த சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போனார். அன்றைக்கு அவளுக்கு அலுத்துவிட்டது. ஆனால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி, ஆசைப்பட்ட மனுஷன் மனசை முறிக்கவும் முடியவில்லை. அதனால் நோட்டீஸையும் கொடுத்தாள், குழியையும் பறித்தாள்.

சாயங்காலம் அவர் முழங்கால் வரை சேறோடு திரும்பினார். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“தையல்காரம்மா எல்லாத்தையும் சொல்லிடுச்சு.”

அவள் துண்டை நீட்டினாள்.

“தப்புதாங்க. என்ன வேணா திட்டுங்க.”

“மூணு தடவையுமா?”

“இல்லீங்க. முதல் தடவை சத்தியமா உங்களுக்குத்தான் போட்டேன்.”

அவர் காலைத் துடைத்து முடித்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அப்போ இத்தனை வருஷத்துல இந்த வீட்டுலேருந்து எனக்கு விழுந்த மேயர் ஓட்டு அது ஒண்ணுதான்.”

அவளுக்குப் புரியவில்லை. “உங்க ஓட்டு?”

“நான் மூணு தடவையும் கண்ணாடிக்காரருக்குத்தான் போட்டேன்.”

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“இந்த வார்டுக்கு ஓடுறதுலயே நான் பாதி ஆளாயிட்டேன். மேயர் வேலையெல்லாம் என்னால முடியாதும்மா. ஒவ்வொரு தடவையும் பூத்துக்குள்ள போனதும் கை தானா அவர் பேருக்குத்தான் போச்சு.”

போன் அடித்தது. மைக். அவர் அதை எட்டிப் பார்த்தார். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததே இல்லை.

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

“வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கறதுதானே? எதுக்கு மூணு தடவையும் நின்னீங்க?”

“நீ வெயில்ல வீடு வீடா அலைஞ்சியே,” என்றார் அவர். “உனக்குத்தான் ஆசையோன்னு நினைச்சேன்.”